வெளிநாட்டில் தாதியர் வேலை: கோலாலம்பூரிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் தாதியர் டிப்ளோமாவோ பட்டமோ முடித்து, பதிவு பெற்று, வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டனுக்குச் செல்லும் வழியை அடிப்படையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்; நான் நடந்து முடித்த வழி அதுதான். மற்ற நாடுகளுக்குப் பாதை எங்கே பிரிகிறது என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்த முயற்சியில் இறங்கிய தம்பி தங்கைகள் பலரின் கோப்புகளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். திறமை போதாமல் நின்றுபோனவர்கள் மிகக் குறைவு. வேலைகளை வரிசை மாற்றிச் செய்து நின்றுபோனவர்களே அதிகம். முதலில் முகவரிடம் பணம் கட்டுகிறார்கள். பிறகு ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள். அதற்கும் பிறகுதான் கல்லூரிச் சான்றுக்கு அலைகிறார்கள். அது கைக்கு வருவதற்குள் ஆங்கில மதிப்பெண் காலாவதியாகிவிடுகிறது.

பிறர் கையில் இருக்கும் வேலைகளை முதலில் தொடங்குங்கள். காலாவதியாகும் தாள்களைக் கடைசியில் எடுங்கள். கீழே உள்ள படிகள் அந்த முறைப்படியே அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதலில் உங்கள் நிலையைச் சரிபாருங்கள்

மலேசியத் தாதியர் வாரியத்தை நாம் எல்ஜேஎம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் நீங்கள் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெளிநாட்டு வாரியங்கள் கேட்பது 'பதிவு பெற்ற தாதி' என்ற நிலையை. உதவித் தாதியாகவோ சமூகத் தாதியாகவோ பயிற்சி பெற்றவர்கள் பதிவுத் தாதிக்கான படிப்பை முடித்த பிறகே இந்த வழியில் இறங்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், தேர்வுக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டு வருந்தியவர்கள் உண்டு.

வருடாந்திரப் பணிச் சான்றிதழ் நடப்பில் இருக்கட்டும். பிள்ளைப்பேறுக்காகவோ வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளவோ வேலையை விட்டவர்கள் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். புதுப்பிப்புக்குத் தொழில்முறைக் கல்விப் புள்ளிகள் வேண்டும். அவற்றைச் சேர்க்க நாளாகும். ஆகவே இதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து, பாண்டு. அரசு உதவித்தொகையில் படித்தவர்களுக்கும், தனியார் மருத்துவமனை படிக்கவைத்தவர்களுக்கும் சேவை ஒப்பந்தம் இருக்கும். அது எப்போது முடிகிறது, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மூல ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். வார்டில் யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

அனுபவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனின் தாதியர் மன்றமான என்எம்சி இத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விதிக்கவில்லை. ஆனால் வேலை கொடுக்கும் மருத்துவமனைகள் அண்மைக்கால வார்டு அனுபவத்தைக் கேட்கின்றன. கிளினிக்கிலோ டயாலிசிஸ் மையத்திலோ மட்டும் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு நேர்காணலில் கை தடுமாறுகிறது. முடிந்தால் புறப்படும் முன் ஓராண்டாவது மருத்துவ, அறுவை வார்டுக்கு மாறுங்கள்.

2. ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று நாடுகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பது பாதுகாப்பாகத் தோன்றும். நடைமுறையில் மூன்று கட்டணம், மூன்று படிவம், மூன்று காலக்கெடு என்று சிதறி, ஒன்றுமே முடியாமல் போகும்.

டிப்ளோமா மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டன் திறந்திருக்கிறது. அங்கே பதிவுக்கு இரண்டு தேர்வுகள்: கணினித் தேர்வை இங்கிருந்தே எழுதலாம், செய்முறைத் தேர்வை அங்கே சென்று எழுத வேண்டும்.

சிங்கப்பூரில் வரிசை தலைகீழ். மருத்துவமனை உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகே சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்திற்கு விண்ணப்பம் போகும். ஆகவே அங்கே செல்பவர்கள் ஏழாம் படியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். சவுதி அரேபியாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற ஆவணச் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் கணினித் தேர்வும் உண்டு. டேட்டாஃப்ளோ உங்கள் கல்லூரிக்கும் பழைய முதலாளிக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும்; நான்காம் படியை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அது சிரமமாக இருக்காது.

ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் கேட்பது அதைத்தான். அங்கே தாதியர் பதிவைக் கவனிக்கும் ஆப்ரா என்ற அமைப்பின் இணையதளத்தில் சுயபரிசோதனை ஒன்று இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பட்டப்படிப்பின் தரத்தை எதிர்பார்ப்பதால், டிப்ளோமாக்காரர்களுக்கு மேற்படிப்பு தேவை என்று பதில் வரலாம். பட்டம் ஏற்கப்பட்டால் என்கிளெக்ஸ் கணினித் தேர்வு, பிறகு ஆஸ்திரேலியாவுக்கே சென்று செய்முறைத் தேர்வு. இன்னொரு வழி 2025-இல் திறந்தது: பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற குறிப்பிட்ட நாடுகளில் பதிவு பெற்று, 2017-க்குப் பிறகு அங்கே 1,800 மணி நேரம் தாதியாக வேலை செய்தவர்களுக்குப் பதிவு எளிதாக்கப்பட்டிருக்கிறது. 1,800 மணி நேரம் என்பது ஏறக்குறைய ஓராண்டு முழுநேர வேலை. மலேசிய அனுபவம் இந்தக் கணக்கில் வராது. அதனால் ஆஸ்திரேலியாவில் குடியேறும் எண்ணமுள்ள இளம் தாதியருக்குச் சிங்கப்பூரோ பிரிட்டனோ நல்ல முதல் படி என்பது என் கருத்து.

நியூசிலாந்தில் 2023 டிசம்பர் முதல் எழுத்துத் தேர்வும், கிறைஸ்ட்சர்ச்சில் செய்முறைத் தேர்வும் நடைமுறையில் இருக்கின்றன. அமெரிக்காவில் தேர்வைவிட விசா வரிசைதான் நீளம். அந்த வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை. பிறந்த நாட்டைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

3. பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் பார்த்த தாமதங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்கின.

நம் கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே வரியில் இருக்கும்: சொந்தப் பெயர், மகள் என்பதற்கு ஏ/பி அல்லது மகன் என்பதற்கு ஏ/எல், அப்பா பெயர். வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்களாகக் கேட்கின்றன. நடுவில் உள்ள சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதே இல்லை. ஒருவர் சாய்கோட்டை விட்டுவிட்டு ஏபி என்று சேர்த்து எழுதுகிறார். இன்னொருவர் அதையே முழுவதுமாக விட்டுவிடுகிறார். மற்றொருவர் அப்பா பெயரை முதற்பெயர்க் கட்டத்தில் போடுகிறார்.

ஒரு தங்கையின் கோப்பு இப்படி இருந்தது. கடப்பிதழில் ஏ/பி உண்டு. டிப்ளோமாவில் இல்லை. எல்ஜேஎம் பதிவில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு. ஒரு 'எச்' கூடுதல். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் தாளில் அப்பா பெயர் முன்னாலும் அவர் பெயர் பின்னாலும் இருந்தன. வெள்ளைக்கார அதிகாரி அந்த நான்கு தாள்களையும் மேசையில் வைத்துப் பார்த்தால் அவருக்கு நான்கு பெண்கள் தெரிவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கடப்பிதழை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, டிப்ளோமா, மதிப்பெண் பட்டியல், எல்ஜேஎம் பதிவு ஆகிய எல்லாவற்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரே தாளில் எழுத்துக்கு எழுத்து குறியுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், எல்ஜேஎம் பதிவில் உள்ள பிழையை எழுதிக் கேட்டுச் சரிசெய்யலாம். திருத்த முடியாததற்கு, இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் பெயரை இரண்டு கட்டங்களில் எப்படிப் பிரித்து எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, என்எம்சி கணக்கு மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கடப்பிதழோடு பெயர் பொருந்தாவிட்டால் தேர்வு மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. திருமணமான புதிதில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஆசையையும் இந்தத் தாள்களில் காட்ட வேண்டாம்.

4. மெதுவாக நகரும் தாள்களை இப்போதே கேளுங்கள்

கல்லூரியிடம் மதிப்பெண் பட்டியலை மட்டும் கேட்காமல், வகுப்பு நேரம், செய்முறைப் பயிற்சி நேரம் ஆகியவற்றைப் பாடவாரியாகக் காட்டும் முழுப் பயிற்சிப் பதிவையும் கேளுங்கள். பிரிட்டனுக்கு இது தேவைப்படாமலும் போகலாம். ஆஸ்திரேலியாவும் மற்ற நாடுகளும் கட்டாயம் கேட்கும். நம் நாட்டில் சில தனியார் தாதியர் கல்லூரிகள் மூடப்பட்டுவிட்டன, சில கைமாறிவிட்டன. அங்கே படித்தவர்கள் பதிவேடு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் இதை ஆங்கிலத் தேர்வுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

எல்ஜேஎம்மிடம் பதிவுச் சரிபார்ப்பைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தக் கடிதம் புத்ராஜெயாவிலிருந்து நேராக வெளிநாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். உங்கள் கை வழியாகச் சென்றால் ஏற்கமாட்டார்கள். கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பிவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மருத்துவமனை தரும் பணிச் சான்றில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மனிதவளப் பிரிவிடம் கேட்டால், இன்னார் இந்தத் தேதியிலிருந்து எங்களிடம் தாதியாகப் பணியாற்றுகிறார் என்று ஒரு வரியில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு வாரியத்துக்கு அந்த ஒரு வரி எதையும் சொல்லாது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு வரைவு எழுதி, உங்கள் வார்டு சிஸ்டரிடம் கொடுங்கள். பணியில் சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வார்டு, எத்தனை படுக்கை, ஒரு ஷிப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், செய்யும் வேலைகள் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். நரம்பு வழி மருந்து கொடுத்தல், இரத்தம் ஏற்றுதல், அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பு, புண் கட்டுதல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, மருத்துவமனையின் மின்னஞ்சல் முகவரி மூன்றும் கட்டாயம். அதே முகவரிக்குத்தான் பின்னால் சரிபார்ப்புக் கேள்வி வரும். அந்த சிஸ்டர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார் என்றால் இந்த வாரமே கேளுங்கள்.

மலாய் மொழியில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நமக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்பதற்காக நாமே மொழிபெயர்த்து அனுப்பக் கூடாது. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரே செய்திருக்க வேண்டும். கோலாலம்பூர் வங்சா மாஜுவில் உள்ள ஐடிபிஎம் என்ற மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் இதைச் செய்துகொள்ளலாம். நகல்களுக்கு நோட்டரி முத்திரை கேட்டிருந்தால் நோட்டரியிடமே செல்லுங்கள். சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை மலிவாகக் கிடைக்கும் என்று அதைப் போட்டு அனுப்பியவர்களுக்குக் கோப்பு திரும்பி வந்திருக்கிறது.

5. ஆங்கிலத் தேர்வு

மேலே சொன்னவை நகரத் தொடங்கிய பிறகுதான் இது. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற இரண்டு ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஏற்கப்படும்.

தனியார் கல்லூரியில் படித்தவர்கள், "எங்களுக்கு ஆங்கிலத்தில்தானே பாடம் நடந்தது, தேர்வு எதற்கு?" என்று கேட்பார்கள். என்எம்சி பார்ப்பது வகுப்பறையை மட்டுமில்லை. செய்முறைப் பயிற்சியின்போது நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் நடந்த பேச்சிலும் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்திருக்க வேண்டும். நாம் பயிற்சி பெற்ற வார்டுகளில் மலாயும் தமிழும் சீனமும்தான் ஒலித்தன. ஆகவே தேர்வு எழுதுவதுதான் நேர்மையான வழி.

என்எம்சிக்கு ஐஇஎல்டிஎஸ் கல்விப் பிரிவில் படித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் 7, எழுதுதலில் 6.5, மொத்தத்தில் 7 வேண்டும். ஓஇடியில் முதல் மூன்றிலும் பி தரம், எழுதுதலில் சி பிளஸ். ஒரே முறையில் எல்லாம் கிடைக்காவிட்டால் 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் எந்தத் தேர்விலும் எந்தப் பகுதியும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருக்கக் கூடாது.

எதை எழுதுவது? ஓஇடியின் கட்டணம் அதிகம். ஆனால் அதில் வருவது நம் உலகம்: நோயாளி, வார்டு, பரிந்துரைக் கடிதம். ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் நகரமயமாக்கல் பற்றி வாதாட வேண்டியிருக்கும். பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை எழுதி நல்ல பழக்கமுள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் ஓஇடியைத்தான் சொல்வேன்.

ஓஇடி எழுதுதலில் நோயாளி குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், கடிதம் எழுத 40 நிமிடம். கடிதத்தின் நீளம் 180 முதல் 200 சொற்கள் வரை என்று வழிகாட்டுகிறார்கள். நம்மவர்கள் தோற்பது இலக்கணத்தால் என்று நினைக்கிறார்கள். நான் திருத்திப் பார்த்த கடிதங்களில் பெரிய குறை வேறு: குறிப்பில் உள்ள அனைத்தையும் கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் வீடு திரும்பும் பாட்டியை வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் தாதிக்கு, அவருக்கு இருபது வயதில் குடல்வால் எடுத்த கதை வேண்டியதில்லை. புண் எப்படி இருக்கிறது, எந்த மருந்து, நடக்க யார் துணை, வீட்டில் மாடிப்படி உண்டா என்பவைதான் வேண்டும். யாருக்கு எழுதுகிறோம், அவர் நாளை காலை என்ன செய்யப்போகிறார் என்று முதல் 5 நிமிடத்தில் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பேசுதலில் நாம் அவசரப்படுகிறோம். நோயாளியாக நடிப்பவர் பயத்தைச் சொல்லும்போது, அதைக் கேட்டு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் அறிவுரைக்குத் தாவுகிறோம். அதற்கு மதிப்பெண் குறையும். இன்னொன்று, இரவு ஷிப்ட் முடித்து நேராகத் தேர்வுக்குப் போகாதீர்கள். தேர்வுத் தேதியைப் பதிவு செய்யும் அன்றே விடுப்பும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

6. கணினித் தேர்வு

சிபிடி என்று அழைக்கப்படும் இதைக் கோலாலம்பூரில் பியர்சன் வியூ மையத்தில் எழுதலாம். பகுதி அ மருந்துக் கணக்கு: 15 கேள்விகள், 30 நிமிடம். பகுதி ஆ தாதியர் அறிவு: 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். 2025 நிலவரப்படி கட்டணம் 83 பவுண்டு. என்எம்சி விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 140 பவுண்டு தனி.

கணக்கில் பிழை பெரும்பாலும் அலகு மாற்றத்தில்தான் வருகிறது. டிகாக்சின் 0.125 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். கையில் இருப்பது 62.5 மைக்ரோகிராம் மாத்திரை. முதலில் 0.125-ஐ 1,000-ஆல் பெருக்கி 125 மைக்ரோகிராம் ஆக்குங்கள். பிறகு வகுத்தால் இரண்டு மாத்திரை. அலகு மாற்றாமல் வகுக்கப் போனவர்கள்தான் தசமப்புள்ளியில் விழுகிறார்கள். 1 லிட்டர் திரவம் 8 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இந்த இரண்டு வகையும் கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை போடுங்கள்.

பகுதி ஆவில் நம்மை வீழ்த்துவது நம் பழக்கம். கேள்வி இப்படி வரும்: மூதாட்டி ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது. அவருடைய மகன் உங்களைத் தனியே அழைத்து, அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நம் வார்டுகளில் இது அன்றாடம் நடப்பது. மூத்த மகன் சொன்னால் நாமும் தலையாட்டிவிடுவோம், அதில் அன்பும் இருக்கிறது. பிரிட்டனின் விடை வேறு: சுயமாக முடிவெடுக்கும் திறன் உள்ள நோயாளிதான் தன் உடலைப் பற்றி முதலில் அறிய வேண்டியவர், அவர் சம்மதமில்லாமல் மகனிடம்கூடப் பேசக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், என்எம்சியின் நடத்தை நெறி, பலவீனமானவர்களைப் பாதுகாக்கும் நடைமுறை, தவறு நடந்தால் மறைக்காமல் சொல்லும் கடமை ஆகிய நான்கையும் ஊன்றிப் படியுங்கள். விற்பனைக்கு வரும் கேள்வித் தொகுப்புகளை மனப்பாடம் செய்வதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

7. வேலையும் முகவரும்

இப்போதுதான் வேலை தேடும் கட்டம். ஆங்கிலமும் கணினித் தேர்வும் கையில் இருப்பவருக்கு நேர்காணலில் தனி மதிப்பு உண்டு. இதைச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது: சில ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டிஷ் மருத்துவமனைகள் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தன; இப்போது வெளிநாட்டுத் தாதியரை எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. வாய்ப்பு இருக்கிறது, ஆனால் காத்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வேலைத் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். முகவர் வழியாகப் போவதானால், 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவாண்மைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். பிரிவு ஏ உரிமம் உள்நாட்டு வேலைக்கு மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப அது போதாது. தீபகற்ப மலேசிய ஆள்பலத் துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

பிரிட்டனின் ஆளெடுப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கிக் கொடுப்பதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவமனைதான் முகவருக்குப் பணம் தரும். யாராவது இருக்கையைப் பிடித்துவைக்க முன்பணம் என்றோ, விசாவுக்கு மருத்துவமனை தரும் ஆதரவுச் சான்றிதழுக்குக் கட்டணம் என்றோ கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். சொந்தக்காரர், கோயிலில் தெரிந்தவர், ஒரே தாமான்காரர் (குடியிருப்புக்காரர்) என்பதெல்லாம் உரிமம் ஆகாது. வேலை தருவதாகச் சொல்லும் மருத்துவமனையின் பெயர், பிரிட்டன் அரசு வெளியிடும் உரிமம் பெற்ற ஆதரவாளர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

நேர்காணலில் நோயாளியின் நிலை திடீரென மோசமானால் என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். மருத்துவரைக் கூப்பிடுவேன் என்று தொடங்காதீர்கள். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவுநிலை, உடல் முழுதும் பரிசோதனை என்ற வரிசையில் சொல்லி, அவர்கள் பயன்படுத்தும் நியூஸ் 2 எச்சரிக்கை மதிப்பெண்ணைக் குறிப்பிட்டு, அதன் பிறகு யாரை அழைப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டும் பலமுறை படியுங்கள். ஒன்று, இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை. அது மாதாமாதம் குறைந்துகொண்டு வருகிறதா என்று பாருங்கள். மற்றது சம்பளம். இங்கிலாந்தில் பதிவுத் தாதியின் தொடக்கச் சம்பளம், அதாவது பேண்டு 5 என்ற சம்பளப் படிநிலை, 2025-26-இல் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. பதிவு கிடைக்கும்வரை அதற்குக் கீழான பேண்டில்தான் இருப்பீர்கள். ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியம், வீட்டு வாடகை ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டுக்கு அனுப்பக்கூடிய பணம்.

8. காலாவதியாகும் தாள்கள், விசா

மருத்துவமனை தரும் ஆதரவுச் சான்றிதழை மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதம் செல்லும். பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில் மட்டும் எடுக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுபோனால் செல்லாது.

நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் பலர் போலீஸ் நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். அதைத் தருவது வெளியுறவு அமைச்சு, அதாவது விஸ்மா புத்ரா. இ-கான்சுலார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 20 ரிங்கிட். கடந்த பத்து ஆண்டுகளில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் சான்றையும் பிரிட்டன் கேட்கும். சவுதியிலோ சிங்கப்பூரிலோ இப்போது வேலை செய்பவர்கள், அந்த நாட்டை விட்டுப் புறப்படும் முன் அங்கேயே அதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்த பிறகு எடுப்பது பெரும்பாடு.

சுகாதாரப் பணியாளர் விசாவில் செல்லும் தாதியர் மருத்துவக் கூடுதல் வரி கட்ட வேண்டியதில்லை. துணைவரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். பராமரிப்புப் பணியாளர்களுக்கு அது நிறுத்தப்பட்டுவிட்டது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தைத் திறந்து மறுபடியும் படித்துவிடுங்கள்.

9. ராஜினாமாவும் ஊரில் முடிக்க வேண்டியவையும்

விசா கையில் வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். அதற்கு முன் நோட்டீஸ் காலத்தைப் பார்த்து, அதற்கேற்ப வேலை தொடங்கும் தேதியைப் பிரிட்டிஷ் மருத்துவமனையிடம் கேளுங்கள். நேர்காணலில் தேர்வான மகிழ்ச்சியில் வேலையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வார்டு அனுபவமும் அறுந்துபோகிறது.

பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் இருந்தால் தவணைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தை வெளிநாட்டில் வேலை கிடைத்தது என்பதற்காக எடுத்துவிட முடியாது. வாரிசுப் பெயரை மட்டும் சரிபார்த்து வையுங்கள். மலேசியப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும்போது எல்ஜேஎம்மிடம் மீண்டும் நல்நிலைச் சான்று கேட்க வேண்டிவரும்.

10. செய்முறைத் தேர்வு

ஓஸ்கி எனப்படும் இது பிரிட்டனில் குறிப்பிட்ட சில மையங்களில் மட்டும் நடக்கிறது. ஆக்ஸ்போர்டு, நார்தாம்ப்டன், லீட்ஸ் போன்றவை அவற்றில் சில. மொத்தம் பத்து நிலையங்கள். நான்கில் ஒரே நோயாளியை மதிப்பிட்டு, திட்டமிட்டு, செயல்படுத்தி, மறுமதிப்பீடு செய்ய வேண்டும். நான்கு கைத்திறன் நிலையங்கள். இரண்டு எழுத்து நிலையங்கள். 2025 நிலவரப்படி கட்டணம் 794 பவுண்டு. முதல் முறைக்குப் பெரும்பாலும் மருத்துவமனை கட்டும். வேலையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முதல் முயற்சியை எழுத வேண்டும்.

நம் கை வேகமானது. முப்பது படுக்கை வார்டில் பழகிய கை அது. தேர்வில் அந்த வேகமே எதிரியாகிறது, ஏனென்றால் தேர்வாளர் உங்கள் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. மருந்து கொடுக்கும் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை கழுவுவதைச் செய்து காட்ட வேண்டும். நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச்சொல்லி, கைப்பட்டையோடும் மருந்துத் தாளோடும் ஒப்பிட வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, தாளிலும் பார்க்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம், வழி, காலாவதித் தேதி ஒவ்வொன்றையும் விரல் வைத்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொடுக்கக் கூடாத மருந்து ஒன்றைத் தாளில் வைத்திருக்கலாம். அதை நிறுத்தி, காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனத்துக்குள் சரிபார்த்தது மதிப்பெண் தாளில் ஏறாது.

இந்தப் பயிற்சியைக் கோலாலம்பூரிலேயே தொடங்குங்கள். அம்மாவையோ தம்பியையோ கட்டிலில் படுக்கவைத்து, நேரம் வைத்து, ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிச் செய்யுங்கள். முதல் சில நாள் கூச்சமாக இருக்கும். வார்டிலும் மருந்து கொடுக்கும்போது உதட்டளவில் சொல்லிப் பழகுங்கள்.

தேர்ச்சி பெற்றதும் பதிவுக் கட்டணம் (2025 நிலவரப்படி 153 பவுண்டு) கட்டினால் என்எம்சி பதிவு எண் வரும். அது இணையப் பதிவேட்டில் தெரிந்த அன்றே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பேண்டு 5 சம்பளம் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சில மருத்துவமனைகள் பதிவு வந்த நாளிலிருந்தும், சில தேர்ச்சி பெற்ற நாளிலிருந்தும் கணக்கிடுகின்றன. ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள்.